முதல் பட்டதாரியின் பட்டம்

தமிழ்நாட்டின் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றோடு, சில வருஷங்களாக வேறொரு சான்றிதழும் வழங்கப்பட்டு வருகிறது. ‘முதல் பட்டதாரி சான்றிதழ்’ என்று அதற்குப் பெயர். விண்ணப்பிக்கும் மாணவனுடைய தாய் தகப்பனார், அவர்களைப் பெற்ற பாட்டன் பாட்டிமார், உடன்பிறந்தோர் ஆகிய எவரும் இதுவரை எந்தச் சர்வகலாசாலையிலும் பட்டம் பெறவில்லை என்பதை விசாரித்தறிந்து, அரசாங்கம் தன் முத்திரையிட்டு உறுதிசெய்து கொடுக்கும் பத்திரம் அது. 2010-11 கல்வியாண்டு முதல், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே தொழிற்கல்லூரிகளில் சேரும் இத்தகைய மாணவர்களுக்குக் கற்பிப்புக் கட்டணத்தில் சலுகை உண்டு. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே உண்டு. மற்றச் சான்றிதழ்களெல்லாம் ஒருவனிடம் இருப்பதை எழுதிக்கொடுக்க, இந்தப் பத்திரமோ ஒரு குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிடைக்காமல் போன ஒன்றை எழுதிக்கொடுக்கிறது.

இதைக் கையில் வாங்கிக்கொண்டு கல்லூரிக்குள் நுழையும் பிள்ளையும், பாட்டனார் காலத்திலேயே பி.எல். தேறி வாசலில் வக்கீல் பலகை மாட்டிய வீட்டிலிருந்து வரும் பிள்ளையும், ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே பாடத்தைப் படித்து, ஒரே நாளில் ஒரே மாதிரியான பட்டத்தைப் பெறுகிறார்கள். அந்தப் பட்டம் இருவருக்கும் ஒரே அளவு பிரயோஜனப்படுகிறதா? உயர்கல்வி சமூக ஏற்றத்தாழ்வுகளைக் கரைக்கிறது என்று ஒரு சாராரும், அவற்றுக்கு மெருகேற்றி நிலைநிறுத்துகிறது என்று மற்றொரு சாராரும் நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். ஏறக்குறைய நூற்றெழுபது வருஷ காலத்துத் தமிழகச் சரித்திரத்தில் இரு சாராருக்கும் வேண்டிய சாட்சியங்கள் நிறைந்திருக்கின்றன. என் அபிப்பிராயத்தில், கல்லூரியின் வாசலில் நின்ற ஏற்றத்தாழ்வைப் பெரும் போராட்டத்தின்பேரில் நாம் அப்புறப்படுத்தியிருக்கிறோம். ஆனால் அது அழிந்துபோகாமல் உள்ளே சென்று, எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, எந்த மொழி, படிப்புக்குப் பின் எந்த வேலை என்னும் வித்தியாசங்களில் குடிபுகுந்திருக்கிறது. அங்கே அதைத் தேடிச் சென்று பார்ப்பவர்கள் குறைவு.

சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் வருஷம், கல்கத்தா, பம்பாய்ச் சர்வகலாசாலைகளோடு ஒரே காலத்தில், லண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்டு ஸ்தாபிக்கப்பட்டது. ஆரம்பத்தில் அது பாடம் சொல்லிக்கொடுக்கும் இடமாக இல்லாமல், பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் ஸ்தாபனமாகவே இருந்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.வை. தாமோதரம்பிள்ளை, பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளிலிருந்து கலித்தொகையையும் தொல்காப்பியத்தின் உரைகளையும் அச்சேற்றிய அதே பெருமகனார்தாம். கல்வியின் பயன் உத்தியோகத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு முதல் தலைமுறையிலேயே அப்படியொரு சாட்சி கிடைத்தது நம்முடைய பாக்கியம். ஆனால் அந்தச் சர்வகலாசாலைக்குப் பின்னணியாக இருந்த கொள்கையோ வேறு. மேல்தட்டில் உள்ள சிலருக்கு ஆங்கிலக் கல்வியைக் கொடுத்துவிட்டால் அது தானாகவே கீழே வடிந்து ஜனசமூகம் முழுவதையும் நனைத்துவிடும் என்பது மெக்காலே காலத்து ஆட்சியாளர்களின் நம்பிக்கை. வடியவில்லை. பரம்பரையாக எழுத்தறிவும், பட்டணவாசமும், சம்பளம் கட்டும் சக்தியும் உடையவர்களிடத்திலேயே அது தேங்கி நின்றது. ராஜாங்க உத்தியோகத்துக்குப் பட்டமே திறவுகோலாக அமைந்துவிட்டபடியால், படிப்பில் ஏற்பட்ட இடைவெளி பதவியிலும், பதவியில் ஏற்பட்ட இடைவெளி செல்வத்திலும், செல்வத்தில் ஏற்பட்ட இடைவெளி அடுத்த தலைமுறையின் படிப்பிலும் பிரதிபலித்து, ஒரு சுழற்சியாகவே நிலைத்துவிட்டது.

இந்தச் சுழற்சியை உடைக்க வேண்டும் என்ற குரல், 1916-இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றிய காலத்தில் அரசியல் கோரிக்கையாக உருவெடுத்தது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921-ஆம் வருஷம் முதல் வகுப்புவாரி உத்தரவுகள் பிறந்தன, அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் காலத்தில், 1928-இல், உத்தியோகங்களைப் பன்னிரண்டு பங்குகளாகப் பிரித்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஐந்தும், பிராமணர், முஸ்லிம்கள், கிறிஸ்தவரும் ஆங்கிலோ-இந்தியரும் சேர்ந்த பிரிவினர் ஆகியோருக்குத் தலா இரண்டும், தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்றும் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டில் ஒன்று! எவ்வளவு குறைவான பங்கு என்று இன்று நமக்குத் தோன்றலாம். அந்த ஒன்றுகூட அதற்கு முன்னே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் விளங்கும். பின்னர் இம்முறை கல்லூரிச் சேர்க்கைக்கும் விரிந்து, குடியரசு பிறந்த கையோடு நீதிமன்றத்தைச் சந்தித்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும், அதைத் தொடர்ந்து 1951-இல் உச்ச நீதிமன்றமும், மாணவர் சேர்க்கையில் வகுப்புவாரிப் பங்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தன. தமிழகத்தில் எழுந்த பெருங்கிளர்ச்சியின் விளைவாக, அதே வருஷத்தில், இந்திய அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறி, 15-ஆம் பிரிவில் நான்காவது உட்பிரிவு சேர்க்கப்பட்டது. இந்தியா முழுவதிலும் பின்தங்கிய வகுப்புப் பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் இடம் பெறுவதற்கு ஆதாரமாயிருக்கும் வாசகம், சென்னையில் இரண்டு மாணவர்களின் சேர்க்கையைப் பற்றிய ஒரு வழக்கின் எதிரொலியாகப் பிறந்தது.

இடமிருந்தால் மட்டும் போதுமா என்ற கேள்வியையும் இங்கே மறக்கலாகாது. பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையைக் கொண்டு 1913-இல் நியூயார்க்கின் கொலம்பியா சர்வகலாசாலைக்குப் படிக்கச் சென்ற அம்பேத்கர், பணமில்லாதவனுக்குத் திறந்த கதவும் மூடிய கதவே என்பதை அனுபவத்தில் அறிந்தவர். பட்டியல் ஜாதி மாணவர்களுக்கு மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய படிப்புக்கான மத்திய அரசு உதவித்தொகை, அவர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் இருந்த காலத்தில், 1944-இல் தொடங்கிற்று. கிராமத்திலிருந்து வந்து நகரத்து ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி, அந்த உதவித்தொகையால் படித்துத் தேறி, ஆசிரியராகவும் எழுத்தராகவும் பொறியாளராகவும் ஆன ஒரு தலைமுறை நம் கண்முன்னே இருக்கிறது. உயர்கல்வியால் என்ன பிரயோஜனம் என்று கேட்போருக்கு, அந்தத் தலைமுறையின் வீடுகளையும், அவர்கள் பெற்றோர் வாழ்ந்த வீடுகளையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு வரும்படி சொல்வதே தக்க விடை.

பெண்கள் விஷயத்தில் இந்த மாறுதல் இன்னும் பிரத்தியட்சமானது. புதுக்கோட்டையில் ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில், பலரது ஆட்சேபங்களுக்கிடையே மன்னரின் அனுமதி பெற்றுச் சேர்ந்த முத்துலட்சுமி, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளிவந்தார். பதினைந்து வருஷங்களுக்குப் பின் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். பெண்களுக்கென்று சென்னையில் ராணி மேரிக் கல்லூரி 1914-இல் தோன்றியபோது, அதில் சேர வந்தவர்கள் சிலரே. இன்று தமிழகத்துக் கல்லூரிகளில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாகப் பயில்கிறார்கள். இந்த இடத்தில் ஒரு திட்ட மாற்றத்தை நான் விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறேன். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குப் பணமும், பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் வழங்கிவந்த திட்டம், 2022-இல் உருமாற்றம் பெற்று, அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்கள் கல்லூரியில் பயிலும் காலம் முழுவதும் மாதந்தோறும் 1,000 ரூபாய் பெறும் ‘புதுமைப் பெண்’ திட்டமாயிற்று. ஒரு பெண்ணுக்காக அரசாங்கம் ஒதுக்கிய பணம், கல்யாணப் பந்தலுக்குச் சேராமல் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே, அவள் படிக்கிறாள் என்ற காரணத்துக்காகவே சேர்கிறது. பஸ்ஸுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் தகப்பனாரிடம் கை நீட்ட வேண்டாத ஒரு பெண், படிப்பை நிறுத்திவிடச் சொல்லும் வீட்டாரிடம் சற்று நிமிர்ந்து பதில் சொல்ல முடியும்.

இந்த முயற்சிகளின் கூட்டுப் பலனைக் கணக்குகளும் காட்டுகின்றன. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம், அதாவது பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயதுள்ளோர் தொகையோடு ஒப்பிட்டுக் கல்லூரிகளில் பயில்வோரின் விகிதம், அகில இந்தியாவில் 28.4, தமிழ்நாட்டில் 47. இந்தியா முழுவதற்குமான கணக்கில் பட்டியல் ஜாதியினரின் விகிதம் 25.9 ஆகவும், பழங்குடியினரின் விகிதம் 21.2 ஆகவும் இருந்தன. நூறு பேருக்கு நாற்பத்தேழு என்ற நிலையை ஐரோப்பிய நாடுகள் பல இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் எட்டின என்பதைக் கருதினால், தமிழகம் அடைந்தது அற்பமான வெற்றியல்ல.

வெற்றியின் உள்ளேயே ஒரு சிக்கல் பிறக்கிறது. பட்டம் பெற்றவனுக்கு அதிகச் சம்பளம் கிடைப்பதற்குக் காரணம், அவன் கற்றது மட்டும்தானா? அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ், 1973-இல் எழுதிய ஒரு கட்டுரையில், பட்டம் என்பது ஓரளவுக்கு ஓர் அடையாளமே என்று காட்டினார். வேலை கொடுப்பவனுக்கு விண்ணப்பதாரரின் உள்ளத் திறமை தெரியாது. கஷ்டமான பரீட்சைகளைக் கடந்துவந்தவன் திறமைசாலியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்து அவனைத் தேர்ந்தெடுக்கிறான். நூற்றுக்கு ஐந்து பேரிடம் பட்டம் இருந்தபோது அந்த அடையாளத்துக்கு இருந்த மதிப்பு, நூற்றுக்கு ஐம்பது பேரிடம் அது சேரும்போது இருக்க இயலாது. பிரிட்டிஷ் அறிஞர் ஃப்ரெட் ஹிர்ஷ் 1976-இல் இதையே வேறுவிதமாக விளக்கினார்: கூட்டத்தில் எல்லாரும் கால் விரல்களை ஊன்றி எம்பி நின்றால், எவருக்கும் முன்னைவிட நன்றாகத் தெரியப் போவதில்லை. பட்டம் பரவலாகும்போது, வசதி படைத்தவர்கள் அதற்கு மேலொரு படியைத் தேடிக்கொள்கிறார்கள்: அயல்நாட்டுப் பட்டம், பேர்பெற்ற ஸ்தாபனம், லட்சக்கணக்கில் செலவாகும் தனிப்பயிற்சி. முதல் பட்டதாரி மூச்சுத் திணற ஏறிவந்து சேரும்போது, மாடிப்படி இன்னும் ஒரு மாடிக்கு நீண்டிருக்கிறது.

பொறியியல் கல்வியின் கதையில் இதைத் தெளிவாகக் காணலாம். 1980-களின் மத்தியில், எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில், சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் கிண்டியிலும் கோவையிலும் மற்றும் சில ஊர்களிலுமாக ஒரு சில ஆயிரம் பேருக்கே கிட்டிய படிப்பு, கால் நூற்றாண்டுக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் விற்பனைக்கு வந்தது. நன்கொடை என்ற பெயரில் நடந்த வசூலைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1992-இலும் 1993-இலும் இரண்டு முக்கியமான தீர்ப்புகளை வழங்கிற்று. முதல் தீர்ப்பு எல்லாப் படிநிலைக் கல்வியையும் அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டது. உன்னிகிருஷ்ணன் வழக்கென்று அறியப்படும் இரண்டாவது தீர்ப்போ, பதினான்கு வயது வரைதான் அந்த உரிமை, அதற்கு மேற்பட்ட கல்வி அரசின் பொருளாதார சக்தியைப் பொறுத்தது என்று வரையறுத்தது. உயர்கல்வி உரிமையா, வாங்கிக்கொள்ளும் பண்டமா என்ற கேள்விக்கு நம் சட்டம் அளித்திருக்கும் விடை, இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையிலேதான் ஊசலாடிக்கொண்டிருக்கிறது.

நான் இந்தக் கல்லூரிகளை முற்றாகப் பழிக்கமாட்டேன். கணினித் தொழில் தழைத்த வருஷங்களில், நிலத்தை அடமானம் வைத்தும், கல்விக் கடன் வாங்கியும் படித்த எத்தனையோ விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், சென்னை, பெங்களூரு நிறுவனங்களில் வேலை பெற்று, ஒரே தலைமுறையில் குடும்பத்தை மீட்டிருக்கிறார்கள். ஆனால் அதே கல்லூரிகளில், தமிழ் வழியில் பன்னிரண்டு வருஷம் படித்துவிட்டு முதல் நாளிலேயே ஆங்கிலப் பாடத்தின் நடுவே நிறுத்தப்பட்டவர்களும், அரியர் மேல் அரியராகச் சுமந்து நான்கு வருஷப் படிப்பை ஆறேழு வருஷம் இழுத்தவர்களும், பட்டத்தோடு கடனையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி விளம்பரப் பலகைகள் பேசுவதில்லை. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பெரிய கல்லூரிகளோடு நின்றுவிடுகின்றன. வந்த இடத்திலும், பாட அறிவுக்கு இணையாக, சில சமயம் அதைவிட அதிகமாக, சரளமான ஆங்கிலத்தையும் நடை உடை பாவனைகளையும் எடைபோடுகின்றன. இவை எந்தக் கல்லூரிப் பாடத்திட்டத்திலும் இல்லாதவை, வீட்டிலிருந்து வருபவை. பிரெஞ்சுச் சமூகவியல் அறிஞர் பியர் பூர்தியே, ழான்-க்ளோத் பாஸ்ரோனுடன் சேர்ந்து 1960-களிலும் 1970-லும் எழுதிய நூல்களில் நிறுவியது இதைத்தான். பணக்காரக் குடும்பம் பிள்ளைக்குச் சொத்தை மட்டுமல்லாமல் பேச்சையும், ரசனையையும், தயக்கமின்மையையும் விட்டுச் செல்கிறது; கல்விக்கூடம் இவற்றையெல்லாம் இயற்கையான புத்திசாலித்தனம் என்று தவறாக எண்ணி, அதற்கே மதிப்பெண் போடுகிறது.

‘தகுதி’ என்று நாம் வழங்கும் சொல்லின்பின் இந்தப் பரம்பரைச் சொத்து எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதைச் சென்னையிலேயே ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். மானிடவியல் அறிஞர் அஜந்தா சுப்பிரமணியன், 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தோன்றிய சென்னை ஐ.ஐ.டி.யை மையமாகக் கொண்டு, 2019-இல் வெளியிட்ட நூலில், நுழைவுத் தேர்வில் பெற்ற வெற்றி எப்படி ஜாதியின் பெயரைச் சொல்லாமலே ஜாதியின் சலுகையைத் தகுதியாக மாற்றிக் காட்டுகிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார். அந்த ஸ்தாபனங்களில் பட்டியல் ஜாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 1973 முதலும், பிற்படுத்தப்பட்டோருக்கு 2008 முதலும்தான் இடஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது.

மருத்துவப் படிப்பில் நடந்ததோ இதை நேருக்குநேர் நிரூபிக்கும் சம்பவம். தொழிற்படிப்புகளுக்குத் தமிழக அரசு 1984-இல் கொண்டுவந்த நுழைவுத் தேர்வை, அது கிராமத்துப் பிள்ளைகளைப் பாதிக்கிறது என்ற காரணத்தால், 2006-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் அந்த அரசே எடுத்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. பதினொரு வருஷங்களுக்குப் பின், 2017-இல், அகில இந்திய ‘நீட்’ தேர்வு தமிழகத்திலும் கட்டாயமாயிற்று. நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையிலான குழு 2021-இல் அளித்த அறிக்கையின்படி, மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தோரில் தமிழ் வழியில் படித்தவர்களின் பங்கு, நீட்டுக்கு முந்தைய வருஷத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடாக இருந்தது, அதன் பிறகு 2 விழுக்காட்டு அளவுக்கு இறங்கிற்று. ஒரே வருஷத்தில் தமிழ் வழி மாணவர்களுக்கு மூளை குறைந்துவிடவில்லை. அளக்கும் கோல்தான் மாறிற்று. புதிய கோலுக்கேற்ற பயிற்சியை விலை கொடுத்து வாங்கக் கூடியவர்கள், ஒரு வருஷம் இரண்டு வருஷம் வீட்டில் இருந்தபடியே திரும்பத் திரும்ப எழுதக் கூடியவர்கள், முன்னே சென்றார்கள். கூலி வேலைக்குப் போகும் தகப்பனாரால், பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மகனையோ மகளையோ ஒரு வருஷம் சும்மா வைத்திருந்து பயிற்சி கொடுக்க முடியுமா?

இதற்குப் பரிகாரமாக, அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. மறு வருஷம் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டு, இவ்வாறு சேருவோரின் கட்டணத்தை அரசே ஏற்றது. ஜாதியை அளவாகக் கொண்ட பங்கீட்டோடு, படித்த பள்ளியை அளவாகக் கொண்ட பங்கீடும் சேர்ந்தது. இது சரியான திசை என்றே கருதுகிறேன். பிற்படுத்தப்பட்டோருக்குள்ளேயே சில பிரிவினர் மட்டும் பலனில் பெரும்பகுதியைப் பெறுகிறார்கள் என்று சட்டநாதன் குழு அரை நூற்றாண்டுக்கு முன்பே எச்சரித்தது. அதற்கு வருமான வரம்பு வைத்து 1979-இல் எம்.ஜி.ஆர். கண்ட பரிகாரத்தை ஜனங்கள் ஏற்கவில்லை. அடுத்த வருஷ மக்களவைத் தேர்தலில் ஏற்பட்ட தோல்விக்குப் பின் அவர் அதைக் கைவிட்டு, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31-லிருந்து 50 விழுக்காடாக உயர்த்தினார். ஆனால் குழு சுட்டிக்காட்டிய நோய் உண்மையானது. 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கென 20 விழுக்காடு பிரிக்கப்பட்டதும், 2009-இல் பட்டியல் ஜாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு ஒதுக்கப்பட்டதும் அந்த நோய்க்குக் காலந்தாழ்ந்து தரப்பட்ட மருந்துகளே.

ஆயினும் மருத்துவம், ஐ.ஐ.டி. என்று சில ஆயிரம் இடங்களைப் பற்றியே பத்திரிகைகளும் நீதிமன்றங்களும் சட்டசபையும் ஓயாமல் விவாதித்துக்கொண்டிருக்க, முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பெரும்பாலோர் எங்கே படிக்கிறார்கள் என்பதை நாம் நினைப்பதேயில்லை. அவர்கள் படிப்பது அரசு கலை அறிவியல் கல்லூரிகளில். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று இரு நேரமாக நடக்கும் அந்தக் கல்லூரிகளுக்கு, விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து இலவசப் பயண அட்டையோடு வருகிறார்கள். மத்தியானம் வகுப்பு முடிந்ததும் ஜவுளிக்கடையிலோ, மருந்துக்கடையிலோ, உணவு விநியோகத்திலோ வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புகிறார்கள். கட்டணம் மிகக் குறைவு. ஆகையால்தான் அவர்களால் படிக்க முடிகிறது. ஆனால் வகுப்பறையில் அவர்களுக்குப் பாடம் சொல்பவர்களில் பெரும்பகுதியினர் கௌரவ விரிவுரையாளர்கள் எனப்படும் தற்காலிக ஆசிரியர்கள். முனைவர் பட்டமோ தகுதித் தேர்வில் தேர்ச்சியோ பெற்று, ஆயிரக்கணக்கில், பல வருஷங்களாக, மாதம் 25,000 ரூபாய் அளவிலான தொகுப்பூதியத்துக்கு, அடுத்த கல்வியாண்டில் வேலை இருக்குமா என்ற நிச்சயமில்லாமல் அவர்கள் பணியாற்றுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் இத்தகையோருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் என்று சொல்லியிருக்கிறது. கற்பிப்பவனே நிலையற்றவனாக இருக்கும் இடத்தில், மாணவன் தன் சந்தேகத்தையும், மேற்படிப்பு ஆசையையும், சிபாரிசுக் கடிதத்துக்கான கோரிக்கையையும் யாரிடம் கொண்டு செல்வான்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இவற்றைச் சொல்லிக்கொடுக்கச் சித்தப்பாவும் பெரியம்மாவும் இருக்கிறார்கள். முதல் பட்டதாரிக்குப் பேராசிரியரைத் தவிர வேறொருவரும் இல்லை.

இதன் விளைவைப் பரீட்சைக் கூடங்களில் பார்க்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமான குரூப் 4 தேர்வுக்கு 2024-ஆம் வருஷம் ஏறத்தாழ 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். இருந்த இடங்கள் சில ஆயிரமே. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் பதவிகளுக்கான அந்த வரிசையில் முதுகலைப் பட்டதாரிகளும் பொறியியல் பட்டதாரிகளும் நின்றார்கள். இதைக் கண்டு, இத்தனை பேரைக் கல்லூரிக்கு அனுப்பியதே தவறு என்று சொல்வோர் உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் இன்னும் மேன்மையும் மதிப்பும் பெற வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு நல்ல வெல்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கண்ணியமான கூலி கிடைக்கும் சமூகத்தில் பட்டத்துக்காக இத்தனை முட்டிமோதல் இராது. ஆனால் எல்லாருக்கும் கல்லூரி எதற்கு என்ற உபதேசம் எப்போதும் பிறர் பிள்ளைகளை நோக்கியே செய்யப்படுகிறது. தம் பிள்ளைக்குக் கல்லூரியும், வேலைக்காரியின் பிள்ளைக்குத் தொழிற்பயிற்சியும் என்று பிரித்தால், அது கல்விக் கொள்கையாகாது. பழைய வர்ணப் பாகுபாட்டின் மறுபதிப்பாகவே முடியும்.

மேலும், உத்தியோகம் கிடைக்காத பட்டமும் வீணான பட்டமன்று. கல்லூரியில் படித்த ஒரு பெண் வீட்டில் இருந்தால், வங்கிப் படிவத்தை நிரப்ப ஊர்ப் பெரியவரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிக் கொடுத்ததை அவளே படித்துக் கேள்வி கேட்கிறாள். ரேஷன் கார்டோ பட்டாவோ மறுக்கப்பட்டால், எந்தச் சட்டத்தின்படி என்று மனு எழுதுகிறாள். தங்கையின் படிப்பை நிறுத்த விடமாட்டாள். இவை எந்தச் சம்பளக் கணக்கிலும் ஏறாதவை. ஆனால் ஜாதியாலும் வறுமையாலும் பிறருடைய வாசலில் நின்றே பழகிய ஒரு குடும்பத்துக்கு இவற்றைவிட உயர்ந்த லாபம் எது?

ஆகவே என் கோரிக்கை அதிகம் பணம் கேட்கும் கோரிக்கையன்று. பணம் எங்கே போக வேண்டும் என்பதைப் பற்றியது. புதிய கல்லூரி திறப்பு விழாக்கள் அடிக்கடி நடக்கின்றன. கல்வெட்டில் பெயர் பொறிக்க அவை உதவுகின்றன. இருக்கிற அரசுக் கல்லூரிகளில் நிரந்தர ஆசிரியர்களை நியமிப்பதும், முதலாண்டில் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் தனி வகுப்பு நடத்துவதும், விடுதிகளில் இரண்டு வேளை சோறாவது உண்ணத்தக்கதாக இருக்கும்படி பார்ப்பதும், கல்வெட்டில் ஏறாத காரியங்கள். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் நீங்கள் பெற்றோராகவோ, பழைய மாணவராகவோ, வெறும் வாக்காளராகவோ இருக்கலாம். அடுத்த தேர்தலில் உங்கள் தொகுதிக்குக் கல்லூரி கொண்டுவருவதாக வேட்பாளர் ஒருவர் வாக்களித்தால், பக்கத்து ஊரில் ஏற்கெனவே இருக்கும் அரசுக் கல்லூரியில் எத்தனை ஆசிரியர் இடங்கள் காலியாக உள்ளன, அவற்றை எந்தத் தேதிக்குள் நிரப்புவீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். பதில் வரும் வரையில் கேட்டுக்கொண்டே இருங்கள்.